வாசலில் நிற்கும் வண்டிக்கும் தீனி உண்டு

காய்கறி விளையும் ஊர்களில் இப்போது அடிக்கடி ஒரு காட்சியைக் காணலாம். மாலை போட்டு, சந்தனம் குங்குமம் பூசி, சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து, புத்தம் புதிய பிக்கப் வண்டி ஒன்று பிள்ளையார் கோவில் முன் நிற்கிறது. வாங்கியவர் பெரிய மிராசுதாரர் அல்ல. மூன்று ஏக்கரில் தக்காளியோ வெங்காயமோ போடுகிறவர். சரக்கு வாகனங்களுக்கான ஜி.எஸ்.டி. வரி 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. விலை இறங்கியதும், கொஞ்சம் முன்பணம் கட்டினால் போதும், மீதிக்குக் கடன் உண்டு என்ற நோட்டீஸ் சந்தை வாசலிலேயே கைக்குக் கிடைக்கிறது. மூன்று ஏக்கர்க்காரர் அந்த நோட்டீஸை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வதற்கு முன் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது.

வண்டியே வேண்டாம் என்பதற்கில்லை. கத்தரிக்காய் மூட்டையைத் தலையில் சுமந்து ரோட்டுக்கு வந்து, பஸ்ஸின் கூரையில் ஏற்றக் கண்டக்டரைக் கெஞ்சியவர்கள் இன்றும் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். 1999 நவம்பர் 14-ல் மதுரையில் முதல் உழவர் சந்தை திறந்தபோதும், அரசு பஸ்ஸில் காய்கறியைக் கொண்டுபோகும் வசதிதான் பெரிய உதவியாகப் பேசப்பட்டது. 2005-ல் டாடா ஏஸ் வந்தது. ஜனங்கள் அதற்குக் குட்டி யானை என்று பெயர் வைத்தார்கள். 2011-ல் அசோக் லேலண்டின் தோஸ்த் வந்தது. மகேந்திராவின் பொலிரோ பிக்கப்பும் பரவியது. முக்கால் டன்னில் தொடங்கிய சுமை இன்று ஒன்றரை டன்னையும் தாண்டிவிட்டது. தோட்டத்து வரப்பு வரை வந்து சரக்கை ஏற்றும் வண்டி சிறு விவசாயிக்குப் பெரிய வரம் என்பதில் ஐயமில்லை.

சொந்த வண்டியின் உண்மையான லாபம் வாடகை மிச்சப்படுவது கூட அல்ல. சந்தையைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம். ஒட்டன்சத்திரத்தில் விலை இறங்கிவிட்டது என்று போனில் தெரிந்தால், சரக்கைத் திண்டுக்கல்லுக்கோ மதுரை மாட்டுத்தாவணிக்கோ திருப்பிவிடலாம். வாடகை வண்டிக்காரர் அதற்குச் சுலபத்தில் இசைய மாட்டார். அவருக்கு அடுத்த நடை காத்திருக்கும். பறித்த காய் வண்டி வராமல் வெயிலில் வாடிப்போகும் நஷ்டமும் சிறிதல்ல. இதையெல்லாம் ஒப்புக்கொண்ட பிறகுதான் கணக்குக்கு வர வேண்டும்.

மாதம் எத்தனை நடை?

வண்டி ரோட்டுக்கு வரும்போது ஒன்பதரை லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஒன்றரை லட்சம் கையிலிருந்து போகிறது. பெரும்பாலும் அது வீட்டிலுள்ள நகையை அடகு வைத்த பணம். அதன் வட்டியை இங்கே சேர்க்கவில்லை. மீதி 8 லட்சம் கடன். ஐந்து வருடத்துக்கு 'எட்டு சதவீதம்தான்' என்று சொல்கிறார்கள். இந்த எட்டு சதவீதம் ஏமாற்றும் எட்டு. கடன் குறையக் குறைய வட்டியும் குறையும் முறை இதில் இல்லை. ஐந்து வருடமும் முழு 8 லட்சத்துக்கே வட்டி. 3 லட்சத்து 20 ஆயிரம் வட்டி சேர்த்து 60 தவணையாகப் பிரித்தால் மாதம் 18,667 ரூபாய். குறையும் கடனுக்குக் கணக்கிட்டால் இது 14 சதவீத வட்டிக்குச் சமம். ஆகவே வட்டி எவ்வளவு என்று கேட்பதோடு நிற்காமல், எந்த முறையில் என்றும், மொத்தம் எவ்வளவு கட்ட வேண்டியிருக்கும் என்றும் எழுதி வாங்க வேண்டும்.

தவணையோடு இன்சூரன்ஸ் இருக்கிறது. 7,500 கிலோ மொத்த எடைக்குள் உள்ள சரக்கு வண்டிக்கு, எதிர்த்தரப்பாருக்கான கட்டாயப் பிரீமியம் மட்டும் 2022-ல் ஆண்டுக்கு 16,049 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டது. வண்டிக்கான காப்பீடும் சேர்ந்தால் மாதத்துக்கு 2,500 என்று கொள்ளலாம். டயர், சர்வீஸ், எப்.சி., வரி இவற்றுக்கென மாதம் 3,000 எடுத்து வைத்தாக வேண்டும். மொத்தம் 24,167. அதாவது, வண்டி ஓடினாலும் வாசலில் நின்றாலும் விடிந்தால் 800 ரூபாய். உழவு மாடு படுத்துக் கிடந்தாலும் தீனி தின்னும். ஆனால் சாணியாவது போடும்.

வரவு என்ன? சந்தைக்குப் போய்வர 70 கிலோமீட்டர், ஒரு நடைக்கு வாடகை 1,500 என்று கொள்ளலாம். லிட்டருக்கு 12 கிலோமீட்டர் ஓடினால் டீசல் 6 லிட்டர். லிட்டர் 92 ரூபாய் விலையில் 550 ரூபாய். சொந்தக்காரரே ஓட்டினால் மிஞ்சுவது 950. மாதம் 24,167 சேர 25 நடைக்குக் குறையாமல் ஓட வேண்டும். வருடத்துக்கு 300 நடைக்கு மேல்.

மூன்று ஏக்கர் தக்காளிக்காரருக்குச் சொந்தச் சரக்கு எத்தனை நடை இருக்கும்? பறிப்பு இரண்டு மாதம் நீடிக்கும். இரண்டு மூன்று நாளைக்கொரு பறிப்பு. ஒரு போகத்துக்கு 25 நடை, இரண்டு போகமென்றால் 50. மீதி 250 நடையை ஊரார் சரக்கில்தான் தேட வேண்டும். இந்த 50 நடையையும் வாடகை வண்டியிலேயே அனுப்பினால் வருடத்துக்கு 75,000 ரூபாயோடு முடிந்துவிடும். சொந்த வண்டியோ டீசலுக்கு முன்பே 2 லட்சத்து 90 ஆயிரம் கேட்கிறது. டிரைவர் வைத்து நடைக்கு 700 கொடுத்தால் மிச்சம் 250. அப்போது மாதம் 97 நடை ஓட வேண்டும். அது நடக்கிற காரியமல்ல. ஆக, தானே ஸ்டியரிங்கைப் பிடித்தால்தான் வண்டி கட்டுபடியாகும்.

இங்கேதான் பெரிய நஷ்டம் ஒளிந்திருக்கிறது. இரவில் சந்தைக்கு ஓட்டி, விடியற்காலையில் ஏலம் முடிந்து, வெயிலேறத் திரும்பி வருகிறவர் தோட்டத்துக்கு எப்போது போவார்? மும்முனை மின்சாரம் வரும் நேரத்தில் மோட்டார் போட ஆளில்லை. இலையில் சுருட்டை விழுந்தது நான்கு நாள் கழித்துத்தான் கண்ணில் படுகிறது. மருந்து அடிக்கவும் களை வெட்டவும் கூலி ஆள். அவர்களைக் கவனிக்கவும் ஆளில்லை. வண்டி வாங்கிய இரண்டாம் வருடத்தில் மூன்று ஏக்கரில் ஒரு ஏக்கர் தரிசாகக் கிடப்பதைக் கண்டவர்கள் உண்டு. விளைச்சலைச் சந்தைக்குக் கொண்டுபோக வாங்கிய வண்டி, விளைச்சலையே குறைத்துவிடுகிறது. கடன் கொடுப்பவர்கள் நிலத்தின் பத்திரத்தைக் கேட்கிறார்கள், ஜாமீன் கேட்கிறார்கள். மாதம் எத்தனை நடை கிடைக்கும், தோட்டத்தை யார் பார்த்துக்கொள்வார் என்று மட்டும் கேட்பதில்லை.

இன்னொன்றும் உண்டு. ஒரு வட்டாரத்தில் எல்லாரும் ஒரே பயிரைத்தான் போடுகிறார்கள். இவருக்குப் பறிப்பு இருக்கும் நாளில்தான் பக்கத்துத் தோட்டத்துக்கும் பறிப்பு. இவருக்குச் சரக்கில்லாத மாதத்தில் ஊருக்கே சரக்கில்லை. கிலோ ஐந்து ரூபாய்க்கு விழுந்து, பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டாமல் தக்காளியைச் செடியிலேயே விட்டுவிடும் நாட்களில் வாடகைக்கு யார் அழைப்பார்கள்? விலை விழுந்த நஷ்டமும், வண்டி நின்ற நஷ்டமும் சேர்ந்தே வருகின்றன. தவணைத் தேதி மட்டும் தள்ளிப்போவதில்லை. மூன்று தவணை தவறினால் சாவியைக் கேட்டு ஆள் வந்துவிடும்.

யாருக்குப் பொருந்தும்?

எந்தப் பயிர் என்பதையும் பார்க்க வேண்டும். நெல்லுக்கு வருடத்தில் இரண்டு முறைதான் கொள்முதல் நிலையத்துக்கு ஓட்டம். கரும்பை வெட்டியதும் ஆலைக்கு லாரியும் டிராக்டரும் போய்விடுகின்றன. வாழைத்தாரையும் தேங்காயையும் பல ஊர்களில் வியாபாரியே தோட்டத்தில் வந்து எடுத்துக்கொள்கிறார். மல்லிகைக்கு ஒவ்வொரு மணி நேரமும் பணம்தான். ஆனால் அதன் எடை சில கிலோ, மோட்டார் சைக்கிளிலேயே போய்விடும். எஞ்சி நிற்பவர் காய்கறி விவசாயி ஒருவரே. அவரிலும், வீட்டில் ஓட்டுவதற்கு வேலையில்லாத ஒரு பையன் இருந்து, தோட்டத்தைப் பார்க்க வேறொருவர் இருந்து, பால் பண்ணை, செங்கல் சூளை, கடைச் சரக்கு என்று சாகுபடியைச் சேராத வாடகை மாதம் பத்துப் பதினைந்து நடையாவது உறுதியாக இருந்தால் வாங்கலாம். உறுதி என்பது 'அழைப்பதாகச் சொன்னார்' என்பதல்ல. ஆறு மாதம் பழைய வண்டியை வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பார்த்தாலே எத்தனை நடை கிடைக்கும் என்பது தெரிந்துவிடும்.

மற்றவர்களுக்குக் கூட்டு வண்டியே சரி. ஐந்தாறு தோட்டக்காரர்கள் சேர்ந்தோ, உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தின் பேரிலோ ஒரு வண்டி வாங்கினால் 300 நடை தானாகவே சேரும். டிரைவர் சம்பளமும் பகிர்ந்துபோகும். கூட்டு என்றாலே சண்டை என்பார்கள். அதில் பொய்யில்லை; பறிப்பு மும்முரத்தில் யார் சரக்கு முதலில் என்பதில்தான் பெரும்பாலும் பிளவு வருகிறது. முறை வைத்து நோட்டில் எழுதி, சொந்தச் சரக்குக்கும் குறைந்த வாடகை என்று ஒன்றை வசூலித்து, ஓட்டும் பொறுப்பை ஒரே டிரைவரிடம் விட்டால் பாதிச் சண்டை தீரும். ஆர்.சி. ஒருவர் பேரில் இருந்தால் விபத்துப் பொறுப்பும் அவர் தலையில்தான் விழும். ஆகவே மற்றவர்கள் எழுத்தில் கையெழுத்துப் போடாமல் அவர் சம்மதிக்கக் கூடாது.

வாங்குவதென்று முடிவானால், வண்டியின் எடையும் சுமையும் சேர்ந்த மொத்த எடையை ஆர்.சி.யில் பார்க்க வேண்டும். அது 3,000 கிலோவுக்குள் இருந்தால் மோட்டார் வாகனச் சட்டப்படி பர்மிட் தேவையில்லை. அதைத் தாண்டும் பெரிய பிக்கப்புகளுக்கு பர்மிட் எடுக்க வேண்டும். லைசென்ஸைப் பொறுத்தவரை, 7,500 கிலோ வரை சாதாரண இலகு ரக வாகன லைசென்ஸே போதும் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது; ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வும் 2024 நவம்பரில் அதை உறுதி செய்துவிட்டது.

ஆட்களை ஏற்றினால்

தவணையைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. அதைப்பற்றி வண்டி விற்கிறவர் பேசுவதில்லை. பிக்கப் வந்ததும் ஊரில் எல்லாக் காரியத்துக்கும் அதைக் கேட்பார்கள். நடவுக்குப் பெண்களை ஏற்றிப் போக வேண்டும். காதுகுத்துக்குச் சொந்தக்காரர்களை ஏற்றிப் போக வேண்டும். குலதெய்வம் கோவிலுக்குக் குடும்பம் முழுவதும் பின்னால் உட்கார வேண்டும். மறுத்தால், வண்டி வாங்கியதும் திமிர் வந்துவிட்டது என்பார்கள். அந்தப் பேச்சை வாங்கிக்கொள்வதே மேல். சரக்கு வண்டியில் சும்மா ஏறி வருகிறவர்களுக்கு விபத்து நேர்ந்தால் நஷ்டஈடு கொடுக்க இன்சூரன்ஸ் கம்பெனி கடமைப்பட்டதல்ல என்று 2002-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. சில வழக்குகளில் கம்பெனி முதலில் கொடுத்துவிட்டு, பிறகு வண்டிக்காரரிடமிருந்து வசூலிக்கும்படி உத்தரவாகிறது. எப்படிப் பார்த்தாலும் கடைசியில் கொடுப்பவர் வண்டிக்காரர்தான். ஓர் உயிருக்கு லட்சக்கணக்கில் நஷ்டஈடு விதிக்கப்பட்டால் மூன்று ஏக்கர் எங்கே தாங்கும்? இறந்தவர் வீட்டுக்கும் உரிய காலத்தில் பணம் கிடைக்காது. இரண்டு குடும்பங்கள் நடுத்தெருவில் நிற்கும்.

சரக்குக்குச் சொந்தக்காரர் தன் சரக்கோடு போவது வேறு; 1994-ல் வந்த திருத்தத்தால் அவருக்குப் பாதுகாப்பு உண்டு. ஏற்றி இறக்கும் ஆட்களையும் கூடுதல் பிரீமியம் கட்டிப் பாலிசியில் சேர்க்க முடியும். சில நூறு ரூபாயைப் பார்த்து அதை விட்டுவிடக் கூடாது.

அளவுக்கு மேல் ஏற்றுவதும் இப்படித்தான். 2019 முதல் அபராதம் 20,000 ரூபாய். மிஞ்சிய எடைக்கு டன்னுக்கு 2,000 வேறு. ஸ்பிரிங்கில் கூடுதல் பிளேட் போட்டு இரண்டரை டன் ஏற்றிக் காட்டுகிறேன் என்று சொல்லும் பட்டறைக்காரர்கள் இருக்கிறார்கள். ஸ்பிரிங் தாங்கும், பிரேக் தாங்காது, அச்சு தாங்காது, சேஸிஸில் கீறல் விழும். பழைய பிக்கப் வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியதும் இந்தக் கூடுதல் பிளேட்டைத்தான்.

பராமரிப்பு விஷயத்தில் விவசாயி வண்டிக்கும் டவுன் வண்டிக்கும் வித்தியாசம் உண்டு. மண் சாலையில் ஓடும் வண்டியின் காற்று வடிகட்டி, கையேட்டில் சொன்ன கிலோமீட்டருக்கு முன்பே அடைத்துவிடும். வாரம் ஒரு முறை திறந்து பார்ப்பது நல்லது. ரேடியேட்டரில் போர்த் தண்ணீரை ஊற்றக் கூடாது. சொட்டு நீர்க் குழாயில் உப்புப் படிந்து அடைப்பதைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. கம்பெனி சொல்லும் கூலண்ட்தான் ஊற்ற வேண்டும். பொட்டாஷும் யூரியாவும் ஈர எருவும் இரும்பைத் தின்னும். உரம் ஏற்றிய அன்றே பின்பக்கத்தைக் கழுவி உலரவிட வேண்டும். மூலைகளில் தங்கும் உரத்தூள்தான் முதல் துருவுக்குக் காரணம். டயரில் காற்றுக் குறைவோடு சுமை ஏற்றினால் டயர் சூடாகி ஓரம் வெடிக்கும். இரவில்தான் காய்கறி வண்டி ஓடுகிறது. ஆகையால் பின்விளக்கும் சிவப்பு ஒளி ஸ்டிக்கரும் சேறு படியாமல் இருக்கிறதா என்று புறப்படும் முன் பார்ப்பது அவசியம்.

2020 ஏப்ரல் 1-க்குப் பிறகு வந்த பி.எஸ்.6 வண்டிகளில் இரண்டு புதிய சங்கதிகள் உண்டு. பல டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி ஒன்று சைலன்சர் குழாயில் இருக்கிறது. வண்டி நிதானமான வேகத்தில் தொடர்ந்து ஓடி நன்றாகச் சூடேறினால்தான் அந்தக் கரி எரிந்து தீரும். தோட்டத்துக்கும் வீட்டுக்கும் மட்டும் நின்று நின்று ஓடினால் அது அடைத்துக்கொண்டு, டேஷ்போர்டில் விளக்கு எரியும். விளக்கு எரிந்தால் கையேட்டில் சொன்னபடி மெயின் ரோட்டில் விட்டு ஓட்டி எடுக்க வேண்டும். ஒயரைப் பிடுங்கி விளக்கை அணைக்கும் வைத்தியம் கடைசியில் பெரிய செலவில் கொண்டுபோய் விடும்.

வேறு சில வண்டிகளில் யூரியாக் கரைசலுக்கென்று தனித் தொட்டி உண்டு. யூரியா என்றதும் மூட்டையிலிருக்கும் யூரியாவைக் கரைத்து ஊற்றினால் என்ன என்று தோன்றும். கூடவே கூடாது. அது தூய யூரியா 32.5 சதவீதம் சேர்த்து, உப்பு நீக்கிய தண்ணீரில் செய்த கரைசல். வயலுக்குப் போடுவது வேப்பெண்ணெய் பூசிய யூரியா. அந்த எண்ணெயும் அழுக்கும் குழாயையும் பம்பையும் கெடுத்துவிடும். பயிருக்கு நல்லது என்பதால் வண்டிக்கும் நல்லதாகிவிடாது.

புது வண்டிக்கு எப்.சி. முதல் எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை; அதன் பின் வருடந்தோறும். எப்.சி.யும் இன்சூரன்ஸும் முடியும் தேதிகளைத் தவணை அட்டையிலேயே குறித்துவைப்பது நல்லது. ஒரு நாள் தவறிய இன்சூரன்ஸோடு வண்டி ஓடி, அன்று விபத்து நேர்ந்தால் முன் கட்டிய பிரீமியம் எதுவும் உதவாது.

அறுபதாவது தவணை கட்டியவுடன் பலர் எல்லாம் முடிந்துவிட்டது என்று இருந்துவிடுகிறார்கள். ஆர்.சி.யில் கடன் கொடுத்தவர் பெயர் அப்படியே நிற்கிறது. அவரிடம் பாக்கி இல்லை என்ற சான்றும், கையெழுத்திட்ட படிவம் 35-ம் வாங்கி, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கொடுத்து அந்தப் பெயரை நீக்க வேண்டும். இல்லாவிட்டால் வண்டியை விற்கப் போகும் நாளில், மூடிப்போன கிளை அலுவலகத்தைத் தேடி அலைய வேண்டிவரும்.